அத்தானிடம் சொல்லாத பகல்

“முதல் ஆர் எண்டு சொல்லு. பிறகு அழு.”

தொலைபேசியில் சாவுச் செய்தி சொல்ல வந்தவர் விம்மத் தொடங்கினால் அத்தான் சொல்கிற வசனம் இது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கனடாவுக்கு வந்த புதிதில் ஸ்காபரோவில் இருந்த அவருடைய வீட்டு பேஸ்மென்றில்தான் ஆறு வருடம் இருந்தேன். மேலே சமையலறையில் அவர் பேசுவதெல்லாம் குழாய் வழியாகக் கீழே எனக்குக் கேட்கும். இரக்கமில்லாத மனிதர், அக்கா பிழையான இடத்தில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள் என்று முதல் இரண்டு மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு ரைல் போடுகிற வேலை, தரைக்கும் சுவருக்கும் ஓடு பதிக்கிற வேலை. றிச்மண்ட் ஹில், யூனியன்வில், பிறகு ஸ்ரௌவ்வில் என்று புதுவீடுகள் எந்தப் பக்கம் முளைத்தாலும் அந்தப் பக்கம் குளியலறைகளில் முழங்காலில் நின்று உழைத்தவர். வேலையில் கெட்டிக்காரர், வாயால் வேலையைக் கெடுத்துக்கொள்வதிலும் கெட்டிக்காரர். ஸ்ரௌவ்விலில் ஒரு வீட்டுக்காரர் இத்தாலியில் இருந்து எடுப்பித்த ரைல்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கிவைத்துவிட்டு இவரைக் கூப்பிட்டார். அத்தான் ஒரு ரைலைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. மட்டப்பலகையை நிலத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “உங்கட நிலம் சரிவு. உந்த ரைலை இதுக்கு மேல போட்டால் ஒரு வருசத்தில வெடிக்கும். முதல் நிலத்தைச் சரிப்படுத்துங்கோ, பிறகு என்னைக் கூப்பிடுங்கோ” என்று சொல்லிவிட்டு தன் வான் வண்டியில் ஏறிவிட்டார். அவர்கள் வேறு ஆளைப் பிடித்தார்கள். அடுத்த வருடம் வெடித்த ரைலைக் கழற்றவும் அத்தானைத்தான் கூப்பிட்டார்கள்.

எனக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அதே வாய்தான். பெண்ணின் தகப்பன் மரியாதைக்கு, “பொடியன் எப்பிடி?” என்று கேட்டார். அதற்கு எல்லோரும் சொல்கிற பதில் ஒன்று இருக்கிறது. அத்தான் அதைச் சொல்லவில்லை. “பொடியன் நல்லவன். ஆனால் லைசென்ஸ் எடுக்கேக்க மூண்டு தரம் பெயில் விட்டவன். காலமை பத்து மணிக்கு முதல் ஏதும் கேட்டால் மனுசனாப் பதில் சொல்லமாட்டான்.” அக்கா மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தாள். “ஏன் மிதிக்கிறாய்?” என்று அதையும் சத்தமாகக் கேட்டார். என் மனைவி இன்றைக்கும் சொல்லுவாள், அந்தப் பதிலுக்காகத்தான் சம்மதித்தாளாம். இவ்வளவையும் சொல்லிவிட்ட ஆளிடம் ஒளித்துவைக்க வேறு என்ன மிச்சம் இருக்கப்போகிறது என்று நினைத்தாளாம்.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. தூரத்தில் இருப்பவனுக்குக் கெட்ட செய்தியைச் சொல்லமாட்டோம். பிரயாணத்தில் இருப்பவனுக்கு, பரீட்சை எழுதுகிறவளுக்கு, வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்குச் சொல்லமாட்டோம். இப்போது சொல்லி என்ன பிரயோசனம், அவன் தனியக் கிடந்து அழுவான், போகட்டும், பிறகு சொல்லுவோம் என்று வீடு முழுக்கச் சேர்ந்து வாயை மூடிக்கொள்வோம். அதை அன்பு என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். அது அன்புதான் என்று நானும் வெகுகாலம் நம்பினேன்.

அத்தானின் தகப்பன் ஊரில் இறந்தபோது அத்தான் கனடாவில் அகதிக் கேசுக்குக் காத்துக்கொண்டிருந்தார். போகமுடியாது. ஆகவே வீட்டார் சொல்லவில்லை. மூன்று மாதம் இவர் தகப்பனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பதிலும் வந்திருக்கிறது, ‘அப்புவுக்குக் கை நடுக்கம், அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்’ என்று மாமன் எழுதிய பதில். குளிருக்கு என்று இவர் ஒரு நல்ல ஸ்வெற்றரும் வாங்கி, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். யாழ்ப்பாணத்து வெயிலில் யாருக்கு ஸ்வெற்றர் என்று நான் சிரிக்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. கடைசியில் துணி தோய்க்கிற கடையில் முன்பின் தெரியாத ஒரு ஊர்க்காரர், “அப்பான்ர விசயம் கேள்விப்பட்டனான், பாவம்” என்றாராம். உடுப்பு மெஷினுக்குள் சுற்றிக்கொண்டிருக்க இவர் அங்கேயே வாங்குப் பலகையில் இருந்துவிட்டாராம்.

“செத்தது துக்கம்தான். ஆனால் மூண்டு மாசமா என்னை வைச்சு நாடகம் ஆடினாங்கள் எல்லோ” என்றார். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அவர் இப்படி ஆகியிருக்கிறார் போலும். ரொறன்ரோவில் தெரிந்தவர் யார் வீட்டில் சாவு என்றாலும் செய்தியை யார் சொல்வது என்ற பேச்சு வரும். எல்லோரும் அத்தானைப் பார்ப்பார்கள். அவர் போனில் சொல்லமாட்டார். நேரே போவார். கதவைத் திறந்தவுடன், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், யார், எத்தனை மணிக்கு, எப்படி என்று மூன்றையும் சொல்லிவிடுவார். பிறகுதான் சப்பாத்தைக் கழற்றுவார். அந்த வீட்டுச் சமையலறையில் தானே தேத்தண்ணி போடுவார், பிள்ளைகளுக்கு ரொட்டி வாட்டிக் கொடுப்பார், யாராவது போகச் சொல்லும்வரைக்கும் இருப்பார். இரக்கமில்லாத மனிதர் என்று நான் நினைத்தது இவரைத்தான்.

என் அம்மா இறந்த செய்தியையும் அவர்தான் கொண்டுவந்தார். நான் மார்க்கம் நகரில் ஒரு பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்தேன். மத்தியான இடைவேளைக்கு முன்பே சூப்பர்வைசர் என்னை வாசலுக்குப் போகச் சொன்னார். அத்தான் முழங்கால் மெத்தைகளைக்கூடக் கழற்றாமல், மயிரெல்லாம் சீமெந்துத் தூசியோடு பனிக்குள் நின்றார்.

“தம்பி, அம்மா செத்துப்போனா. இப்ப ரெண்டு மணித்தியாலத்துக்கு முதல். விழுந்தவா, பிறகு கொஞ்ச நேரம் கதைச்சுக்கொண்டு இருந்தவா. உன்னைத்தான் கேட்டவா” என்றார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, “இதை நீ வேற ஆரிட்டையும் கேட்கப்படாது எண்டுதான் ஓடி வந்தனான்” என்றார்.

உன்னைத்தான் கேட்டவா. அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் அந்த மாரிகாலப் பனியைக் கடந்தேன். வேறு யாராக இருந்தாலும் என் நெஞ்சு நோகும் என்று அதை மறைத்திருப்பார்கள்.

அப்படிப்பட்டவருக்கு நான் செய்ததைத்தான் இனிச் சொல்லவேண்டும்.

ரைல் வேலைக்காரருக்குப் பெரு நாட்டில் என்ன வேலை என்று கேட்கலாம். எப்போதோ தொலைக்காட்சியில் இன்காக்களின் சுவர்களைக் காட்டியிருக்கிறார்கள். சீமெந்து இல்லை, சாந்து இல்லை, கல்லோடு கல்லை இழைத்து வைத்த சுவர்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு தாள் போகாது என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தானால் அதைத் தாங்கமுடியவில்லை. “நாங்கள் ரைலுக்கு நடுவில இடைவெளி விட்டு, கிறவுட் சாந்தை அப்பி, அதையும் துடைச்சு, அதுக்கும் மேல பூசி... அவங்கள் ஒண்டும் இல்லாமல் எப்பிடியடா?” இந்தக் கேள்வியைப் பத்து வருடம் கேட்டார். கலியாண வீட்டில் கேட்டார், பல் டொக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டும் கேட்டார். அறுபது வயது முடிந்த கோடையில் நாங்களே ரிக்கெற் போட்டோம். அத்தான், அக்கா, நான், என் மனைவி, எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர்.

அவரை மறித்தது ஒரே ஒரு விசயம். அவருடைய தம்பி. குட்டி என்று அவர் கூப்பிடுவார், எங்களுக்குக் குட்டி அண்ணை. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகவேண்டிய மனிதர். மூன்று நாளும் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது அத்தான்தான். வேலையைக்கூட அதற்கேற்றமாதிரித்தான் எடுப்பார். பத்து நாள் எப்படி விட்டுப் போவது என்று தயங்கினார்.

“அண்ணா, நான் எங்க ஓடப்போறன்? மெஷின் என்னை விடாது. நீ போய் உந்தக் கல்லைப் பார்த்துட்டு வா, எங்களுக்கும் காது நோகுது” என்றார் குட்டி அண்ணை. எல்லோரும் சிரித்தோம்.

விமான நிலையத்தில் அத்தான் என்னைத் தனியே கூப்பிட்டார். வெளிநாட்டில் வேலை செய்கிறமாதிரி ஒரே ஒரு போனுக்குத்தான் ஒழுங்கு செய்திருந்தோம். அது என் போன். ஒன்று போதும், வீண் செலவு என்று சொன்னதும் நான்தான்.

“குட்டியிட்ட இருந்து என்ன வந்தாலும் உன்ர போனுக்குத்தான் வரும். நல்லதோ கெட்டதோ, அந்த நிமிசமே எனக்குச் சொல்லவேணும். நீயாய் ஒண்டும் யோசிக்கப்படாது. விளங்குதோ?”

“ஓம் அத்தான்” என்றேன். எவ்வளவு லேசாகச் சொன்னேன் என்பது இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

குஸ்கோவில் இருந்து ஒரு நாள் சுற்றுலா. காலையில் பிசாக் என்ற இடிபாடு, மத்தியானம் உருபாம்பா என்ற ஊரில் சாப்பாடு, பிறகு ஒயாந்தாய்தாம்போ, பொழுது சாயச் சிஞ்செரோ. சுற்றுலா வான் வண்டியில் எங்களோடு இன்னும் ஏழெட்டுப் பேர். வழிகாட்டி ஒரு இளம் பெண், கையில் சிவப்புக் குடை. இவ்வளவு பெரிய கல்லை எப்படித் தூக்கினார்கள் என்று அத்தான் என் மகளை விட்டுக் கேட்பித்தார். அந்தப் பெண், பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள், உண்மையில் எனக்குத் தெரியாது என்றாள். அத்தானுக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. “தெரியாதெண்டு சொல்லுறாள் பார். நல்ல பிள்ளை” என்றார்.

பிசாக்கில் மலையை வெட்டிப் படிபடியாகக் கட்டியிருந்தார்கள். காற்று மெல்லிசு, பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கும். இருதயத்தில் குழாய் வைத்து இரண்டு வருடமான மனிதர் எல்லோருக்கும் முன்னால் ஏறிப்போனார். நல்ல சுவர் ஒன்றைக் கண்டதும் முழங்காலில் இருந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்த்தார். கன்னத்தைக் கல்லில் வைத்துப் பார்த்தார். தன் ஒன்ராறியோ லைசென்சை எடுத்துக் கல்லிடுக்கில் செருகப் பார்த்தார், காவலாளி விசிலடித்துக்கொண்டு ஓடிவந்தான். “போகேல்லை! போகேல்லையடா!” என்று மேலேயிருந்து எனக்குக் கையாட்டினார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. குட்டி அண்ணையின் மனைவி.

“தம்பி, இவருக்கு இரத்தத்தில கிருமி ஏறிட்டுதாம். விடியத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டந்தது. இண்டைக்குத் தாங்குறது கஷ்டம் எண்டு டொக்டர்மார் சொல்லினம். நல்ல நினைவோட இருக்கிறார். அண்ணாவைக் கேட்கிறார், குடுங்கோ.”

நான் வாயைத் திறப்பதற்குள் போன் கை மாறிவிட்டது. குட்டி அண்ணையின் குரல் கொஞ்சம் களைத்திருந்தது, மற்றப்படி வழக்கமான குரல்தான்.

“தம்பி, அண்ணாட்டைக் குடும்.”

அக்கா பக்கத்தில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். போனின் மேல் கையை வைத்துப் பொத்தினாள். “இப்ப சொல்லாதை. இந்த உயரத்தில, அந்த இருதயத்தோட, விழுந்தாரெண்டால் ஆர் பார்க்கிறது? பிள்ளையளும் நிக்கினம். சொல்லி என்ன செய்யிறது, இண்டைக்குப் பறக்க ஏலுமே? பின்னேரம் ஹோட்டலில வைச்சுச் சொல்லுவம்.” அவள் அழுதுகொண்டுதான் சொன்னாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. போன் என் கையில் இருந்தது. ஐம்பது படிக்கு மேலே அவர் நின்றார். ஒரு சத்தம் போட்டிருந்தால் இறங்கியிருப்பார்.

“அத்தான் மேல ஏறிட்டார் அண்ணை. இறங்கினவுடன எடுக்கிறன்” என்றேன்.

“பரவாயில்லை. நான் லைனில நிக்கிறன்” என்றார்.

நான் போனை வைத்துவிட்டேன்.

உருபாம்பாவில் நாங்கள் சாப்பிட இருந்தபோது இரண்டாம் தரம் எடுத்தார். அத்தான் அந்தச் சாப்பாட்டுக் கடையின் தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ரைல் கோணலாம். “அண்ணா இறங்கிட்டாரோ? குடும்” என்றார் குட்டி அண்ணை. இங்கே சிக்னல் சரியில்லை என்று சொன்னேன். அவர் மூச்சு விடுவதுகூட எனக்குத் தெளிவாகக் கேட்டது. சாப்பிட்டு முடியட்டும் என்று அக்கா கண்ணால் காட்டினாள். சாப்பிட்டு முடிந்தது. பிறகும் சொல்லவில்லை. ஒரு தரம் சொல்லாமல் விட்டால், அடுத்த தரம் சொல்லும்போது முன்னம் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்தப் பயம் ஒவ்வொரு மணித்தியாலமும் கூடிக்கொண்டு போனது.

மூன்றாம் தரம் ஒயாந்தாய்தாம்போ வாசலில். வசனமாகப் பேச அவரால் முடியவில்லை. “அண்ணா... குடும்” என்றார். நான்காம் தரம், செங்குத்தான அந்தப் படிகளில் பாதி ஏறியிருந்தபோது. மனைவி போனை அவர் வாயருகில் பிடித்திருக்கவேண்டும். வெறும் மூச்சுத்தான் கேட்டது, நடுவில் ஒரு முறை “அண்ணாட்டை” என்பதுமாதிரி ஒரு சத்தம்.

“இந்தா வாறார் அண்ணை, வாறார்” என்றேன்.

அத்தான் எனக்கு நாலு படி முன்னால்தான் ஏறிக்கொண்டிருந்தார்.

உச்சியில் ஆளுயரத்தை விடப் பெரிய ஆறு கற்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கே போய்ச் சேர்ந்தபோது போனில் எழுத்துச் செய்தி வந்தது. ‘அவர் போயிட்டார் தம்பி.’ நான் அதை வாசித்துக்கொண்டிருக்க அத்தான் கல்லில் சாய்ந்து நின்று, இரண்டு கையையும் விரித்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“எடடா ஒரு படம். குட்டிக்கு அனுப்பு.”

எடுத்தேன்.

“அனுப்பிட்டியோ?”

“ஓம் அத்தான்.”

சிஞ்செரோவில் என்ன பார்த்தோம் என்று எனக்கு நினைவில்லை. அத்தான் சந்தோசமாக இருந்தார் என்பது மட்டும் நினைவிருக்கிறது. வானில் வரும்போது, குட்டிக்கு இதை எந்த இடத்தில் இருந்து சொல்லத் தொடங்குவது என்று என் மகனோடு கதைத்துக்கொண்டு வந்தார்.

ஹோட்டலில் அக்கா அவரை முகம் கழுவவைத்து, சூப் வாங்கிக் கொடுத்தாள். சாப்பிட்ட பிறகுதான் சொல்லவேண்டும் என்பது அவள் ஒழுங்கு. அவர் சாப்பிடுவதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதியில் அவர் கரண்டியை வைத்தார். அக்கா அழத் தொடங்கினாள். யாரென்று அவர் கேட்கவில்லை.

“எத்தினை மணிக்கு?”

“மூண்டு மணிக்கு” என்றேன்.

“மூண்டு மணிக்கு நான் படத்துக்குச் சிரிச்சுக்கொண்டு நிண்டனான். நீதான் எடுத்தனி.” என் பக்கம் திரும்பினார். “உனக்கு எப்ப தெரியும்?”

அக்கா முந்திக்கொண்டாள். “காலமையில இருந்தே கடுமையாம். நினைவே இல்லையாம். சொல்லியும் நீங்கள் அவரோட கதைச்சிருக்க ஏலாது.”

“நினைவில்லையோ?” என்று அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் சூப் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “சரி” என்றார்.

மறுநாள் விடிய விமான நிலையத்தில் ஒரு பெண் கால் மணித்தியாலத்தில் எங்கள் ரிக்கெற்றுகளை மாற்றித் தந்தாள். அது அவ்வளவு சுலபம் என்பதை அத்தானும் பார்த்தார். அதற்குள் அக்கா குட்டி அண்ணையின் மனைவியைக் கூப்பிட்டு, அவர் அண்ணாவைக் கேட்டதைச் சொல்லிப்போடாதே, மனுசன் தாங்கமாட்டார் என்று மன்றாடியிருந்தாள். அந்தப் பாவி மனுசியும் சரி என்றுவிட்டா. செத்தவீட்டில் சவப்பெட்டிக்கு மேலாக அவ என்னைப் பார்த்த பார்வையை நான் யாருக்கும் சொன்னதில்லை.

அத்தான் எங்களோடு சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் வீட்டுக் குளியலறைக்கு ரைல் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார், வந்து போட்டுத் தந்தார். சாப்பிட்டார், பிள்ளைகளோடு விளையாடினார், பனியைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் கதைத்தார். என்னைப் பற்றிய குற்றம் குறைகளைச் சபையில் சொல்லுவதை விட்டுவிட்டார். சாவுச் செய்தி சொல்ல யாராவது கூப்பிட்டால், “வேற ஆரையும் பாருங்கோ” என்றார். பிறகு ஒரு நாளும் ரொறன்ரோவை விட்டு வெளியே போகாத மனிதர், தன் போனுக்கு வெளிநாட்டு இணைப்புப் போட்டு மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அதைக் கேட்கத் துணிவில்லை.

பல முறை சொல்லிவிட நினைத்தேன். ஒரு முறை அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, உள்ளே போகாமல் முக்கால் மணித்தியாலம் இருந்தேன். அவர் ஜன்னலால் பார்த்துக் கையைக் காட்டினார். நானும் கையைக் காட்டிவிட்டு, அவசர வேலை வந்துவிட்டது என்று போய்விட்டேன். அவருக்கு அது நோகும் என்பது ஒரு சாட்டு. என் முகம் அவருக்கு எப்படித் தெரியும் என்ற பயம்தான் உண்மை.

நான்கு வருடத்துக்குப் பிறகு அத்தானுக்கு ஈரலில் புற்றுநோய் என்றார்கள். டொக்டர் ஏதோ இழுக்க, “எத்தினை கிழமை?” என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கடைசிக் கிழமை ஒரு பின்னேரம் நான் கட்டிலருகே இருந்தேன். அக்கா கீழே கோப்பி வாங்கப் போயிருந்தாள். நித்திரை என்றுதான் நினைத்தேன், கண்ணைத் திறக்காமலே பேசினார்.

“தம்பி, அண்டைக்குக் குட்டி என்னைக் கேட்டவனோ?”

இந்த முறை மறைத்தால் நான் மனிதனே இல்லை என்று நினைத்தேன்.

“ஓம் அத்தான். கேட்டவர்.”

கண்ணைத் திறந்தார். கோபமே இல்லை. நாலு வருடம் கழித்து ஒரு செய்தி நேராக வந்து சேர்ந்த ஆளைப்போல என்னைப் பார்த்தார்.

“என்னெண்டு கேட்டவன்?”

“அண்ணாட்டைக் குடும் எண்டவர்.”

“நினைவோடயோ?”

“ஓம்.”

“நீ என்ன சொன்னனி?”

“நீங்கள் மேல ஏறிட்டீங்கள், இறங்கினவுடன எடுக்கிறன் எண்டு.”

“அதுக்கு?”

“பரவாயில்லை, நான் லைனில நிக்கிறன் எண்டார்.”

அத்தான் அழுதார். சத்தமில்லாமல், தலையணையில் இரண்டு பக்கமும் வழிந்தது. அவர் அழுது நான் கண்டது அன்றைக்குத்தான். துடைக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார். எலும்பும் தோலுமான கை, பிடி மட்டும் பழைய பிடி.

“எத்தினை தரம் கேட்டவன்?”

அந்தக் கண்ணீரைப் பார்த்தேன். வாயில் வந்த ‘நாலு’ என்ற சொல்லை விழுங்கினேன்.

“ஒருக்கா” என்றேன்.

“ஒருக்காத்தானே” என்றார் அத்தான். பிடி தளர்ந்தது, முகமும் தளர்ந்தது. “அப்ப அவன் பெரிசாத் தவிச்சிருக்கமாட்டான். நீ சொன்னது நல்லது, தம்பி.”